ஒரு வயலின் கான்செர்டோ, ஒரு நூற்றாண்டு இசைத்தட்டுகள்

ஒரே கீர்த்தனையைப் பத்துப் பேர் பாடினால் பத்து விதமாக இருக்கும். கச்சேரி கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இது புதிய செய்தியன்று. அவர் பாடிய தோடி இப்படி, இவர் பாடிய தோடி அப்படி என்று ஒப்பிட்டுப் பேசுவதே நம்மவர்களுக்குப் பாதிக் கச்சேரி. ஆனால் மேற்கத்தியச் செவ்வியல் இசையில் இதற்கெல்லாம் இடமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அங்கே இசையமைப்பாளர் ஒவ்வொரு சுரத்தையும் தாளில் எழுதி வைத்துவிடுகிறார். வாசிப்பவர் அதைப் பார்த்து வாசிக்கிறார். அப்படியிருக்க, யார் வாசித்தால் என்ன என்பது அவர்கள் கேள்வி.

இக்கேள்விக்கு விடை சொல்வதற்குப் பீத்தோவனின் வயலின் கான்செர்டோவைப் போன்ற நல்ல சான்று கிடைப்பது அரிது. கான்செர்டோ என்பது தனிக் கலைஞர் ஒருவர் முன்னே நின்று வாசிக்க, முழு இசைக்குழுவும் அவரோடு சேர்ந்தும் எதிர்த்தும் உரையாடும் படைப்பு. பெரும்பாலும் மூன்று பகுதிகள் இருக்கும். பீத்தோவன் வயலினுக்காக எழுதி முடித்த கான்செர்டோ ஒன்றே ஒன்றுதான். அதை முழுமையாக வாசிக்க ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகும். கடந்த நூறு ஆண்டுகளில் அது எத்தனையோ முறை இசைத்தட்டில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், இசையின் வரலாறு மட்டுமன்றி ஐரோப்பாவின் வரலாறும் காதில் விழும்.

1806: வியன்னாவில் ஓர் இரவு

1806ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், வியன்னா நகரின் 'தியேட்டர் அன் டெர் வீன்' அரங்கில் இந்தக் கான்செர்டோ முதன்முதலாக அரங்கேறியது. வாசித்தவர் பிரான்ஸ் கிளெமென்ட். வயது 26. அதே அரங்கின் இசைக்குழுவுக்குத் தலைமை வயலின் கலைஞராக இருந்தவர். அன்றைய நிகழ்ச்சி அவருடைய நலனுக்காக நடத்தப்பட்டது. பீத்தோவன் தம் கையெழுத்துப் பிரதியில் கிளெமென்டின் பெயரை வைத்துச் சிலேடையாக ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்தப் பெயருக்கு 'இரக்கம்' என்ற பொருளும் உண்டு.

பீத்தோவன் கடைசி நேரம் வரை எழுதிக்கொண்டிருந்ததால் கிளெமென்ட் ஒத்திகையே இல்லாமல் தாளைப் பார்த்தபடி வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. அதே இரவு நிகழ்ச்சியில் அவர் வயலினைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரே தந்தியில் ஒரு துண்டு வாசித்து வேடிக்கை காட்டியதும் உண்டு. பாதிக் கச்சேரியும் பாதி வித்தையுமாக நிகழ்ச்சி நடந்த காலம் அது.

கூட்டம் கைதட்டியது. விமர்சகர்கள் மனம் நிறையவில்லை. சில இடங்கள் அழகாக இருந்தாலும் படைப்பு கோவையாக இல்லை, சாதாரணமான பகுதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று 1807இல் ஒரு வியன்னா இதழ் எழுதியது. அதன்பின் இந்தக் கான்செர்டோ ஏறக்குறைய மறக்கப்பட்டது. அங்கொருவர் இங்கொருவர் எடுத்து வாசித்ததுண்டு. வியூதான் என்ற பெல்ஜிய நாட்டு இளைஞர் 1834இல் வியன்னாவிலேயே வாசித்தார். ஆனாலும் அது எவருடைய மேடையிலும் நிலைக்கவில்லை. பீத்தோவன் 1827இல் காலமானார். கிளெமென்ட் 1842இல் வறுமையில் இறந்தார். இருவருமே இப்படைப்பின் பெருமையைக் காணாமல் போனார்கள்.

இங்கேதான் முதல் பாடம் இருக்கிறது. எழுதி வைத்த தாள் பத்திரமாகவே இருந்தது. 1808இல் அச்சும் ஏறிவிட்டது. ஒரு சுரம்கூடக் குறையவில்லை. வாசிப்பதற்கு ஆள் இல்லாததால் இசையும் இல்லாமற்போனது.

பன்னிரண்டு வயதுச் சிறுவன்

1844ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் இலண்டனில் அந்த நிலை மாறியது. ஜோசப் யோவாக்கிம் என்ற ஹங்கேரி நாட்டுச் சிறுவன், இலண்டன் பில்ஹார்மோனிக் சங்கத்தின் மேடையில் இக்கான்செர்டோவை வாசித்தான். அவனுக்கு அப்போது 13 வயதுகூட நிறையவில்லை. இசைக்குழுவை நடத்தியவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் மெண்டல்சன். சிறுவர்களை மேடையேற்றுவதில்லை என்று அச்சங்கத்தில் ஒரு விதி இருந்தது. யோவாக்கிமுக்காக அந்த விதி தளர்த்தப்பட்டது.

சிறுவன் மனப்பாடமாக வாசித்தான். இசைக்குழு நின்று தனிக் கலைஞர் மட்டும் தன் திறத்தைக் காட்டும் 'கடென்சா' என்ற பகுதியையும் தானே அமைத்துக்கொண்டு வந்திருந்தான். அரங்கம் அதிர்ந்தது. அன்று தொடங்கி, 1907இல் இறக்கும் வரை யோவாக்கிம் இக்கான்செர்டோவை ஐரோப்பா முழுவதும் வாசித்து வந்தார். வயலின் கான்செர்டோக்களின் முதல் வரிசையில் இது இன்று வைக்கப்படுகிறது என்றால், அதற்குப் பீத்தோவனோடு யோவாக்கிமும் காரணம் எனலாம்.

ஆனால் யோவாக்கிம் அதை எப்படி வாசித்தார் என்பதை இனி எவரும் கேட்க முடியாது. 1903இல், 72 வயதில், அவர் ஐந்தே ஐந்து சிறிய பதிவுகளைச் செய்தார். பாக் இயற்றிய இரண்டு துண்டுகள், பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள் இரண்டு, தாமே இயற்றிய ஒரு சிறு பாடல். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். முக்கால் மணி நேரக் கான்செர்டோவுக்கு அதில் இடமில்லை.

ஒலிவாங்கி வந்த பிறகு

1925ஆம் ஆண்டு வாக்கில் ஒலிவாங்கியைக் கொண்டு மின்சார முறையில் பதிவு செய்யும் வழி வந்தது. அதற்கு முன்பு கலைஞர்கள் ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்கு நேராக நெருங்கி நின்று வாசிக்க வேண்டும். பெரிய இசைக்குழுவை அப்படிப் பதிவு செய்தால் பாதி ஒலி காணாமல் போகும். ஒலிவாங்கி வந்ததும் முழு இசைக்குழுவும் தட்டுக்குள் வந்தது.

1926 டிசம்பரில் பெர்லினில் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் இக்கான்செர்டோவைப் பதிவு செய்தார். பெர்லின் அரசு ஓப்பரா இசைக்குழுவை நடத்தியவர் லியோ பிளெக். வியன்னாவில் பிறந்த கிரைஸ்லர் முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் பணியாற்றிக் காயமுற்றவர். இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டிய பழைய தட்டுத்தான் அது. ஆனாலும் அந்த வயலினின் குரல் மனிதக் குரல்போல் கேட்கிறது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அவர் விரலை வழுக்கிக்கொண்டு போகும் இடங்கள், நம் இசையில் ஜாரு என்று சொல்வதை நினைவூட்டும். நீண்ட சுரங்களை விரலால் மெல்ல அசைத்து அதிரவைப்பதும் அவருடைய பாணி. யோவாக்கிம் அந்த அதிர்வை உப்பைப் போல அளவாகப் பயன்படுத்தியவர். கிரைஸ்லரோ அதை வாசிப்பு முழுவதும் பரப்பினார். இன்றைய வயலின் கலைஞர்கள் பலரும் பின்பற்றுவது கிரைஸ்லரின் வழியையே என்பது குறிப்பிடத்தக்கது.

1936இல் இலண்டனில் பார்பிரோலி நடத்திய இசைக்குழுவுடன் கிரைஸ்லர் அதையே மீண்டும் பதிவு செய்தார்.  இரண்டு தட்டுகளுக்கும் இடையே ஓடிய பத்து ஆண்டுகளில் ஜெர்மனி வேறு நாடாகிவிட்டது.

1933 எழுப்பிய கேள்வி

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத இசைக் கலைஞர்கள் பதவிகளிலிருந்து விரட்டப்பட்டனர். அப்போது பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நடத்துநராக இருந்தவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர். பீத்தோவன் இசைக்கு அவரைவிடப் பெரிய நடத்துநர் இல்லை என்று அக்காலத்தில் பலர் கருதினர். அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. திறமையுள்ள யூதக் கலைஞர்களை விரட்டக் கூடாது என்று அமைச்சர் கோயபல்சுக்கு எழுதிய கடிதம் நாளேட்டிலும் வெளியானது. யூதத் தனிக் கலைஞர்கள் சிலரைத் தம் நிகழ்ச்சிகளுக்கு அழைக்கவும் செய்தார்.

அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் போலந்து நாட்டு வயலின் கலைஞர் புரோனிஸ்லா ஹூபர்மன். அவர் வர மறுத்தார். மறுத்த கடிதத்தை உலகறிய வெளியிட்டார். நாலைந்து பெரிய கலைஞர்களுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்ற எல்லாரையும் தெருவில் நிறுத்தும் நாட்டில் வாசிப்பதற்கில்லை என்பது அவர் நிலை. மறு ஆண்டு, 1934இல், அவர் பீத்தோவன் கான்செர்டோவை வியன்னாவில் பதிவு செய்தார். இசைக்குழு வியன்னா பில்ஹார்மோனிக். நடத்தியவர் ஜார்ஜ் செல். இருவரும் யூதர்கள். நான்கே ஆண்டுகளில், 1938இல், ஆஸ்திரியாவும் ஹிட்லர் வசமானது. பிறகு அப்படியொரு பதிவு அந்நகரில் நடந்திருக்க முடியாது.

ஹூபர்மனின் வாசிப்பு கிரைஸ்லரைப் போல் இழைவதில்லை. வேகமானது, கூர்மையானது, சில இடங்களில் கரகரப்பானது. அழகைவிட அவசரம் முன்னே நிற்கும் வாசிப்பு. 1936இல் அவர் ஐரோப்பிய இசைக்குழுக்களிலிருந்து விரட்டப்பட்ட யூதக் கலைஞர்களைக் கொண்டு பாலஸ்தீன இசைக்குழுவை நிறுவினார். இன்றைய இஸ்ரேல் பில்ஹார்மோனிக் அதுதான். அதன் தொடக்க நிகழ்ச்சியை டெல் அவிவ் நகரில் நடத்திக் கொடுத்தவர் இத்தாலிய மேதை தொஸ்கானினி.

நியூயார்க்கும் பெர்லினும்

தொஸ்கானினியும் சர்வாதிகாரத்துக்குத் தலைவணங்காதவர். பாசிசக் கட்சியின் பாட்டை இசைக்க மறுத்ததற்காக 1931இல் பொலோனியா நகரில் தாக்கப்பட்டார். பிறகு அமெரிக்கா சென்று என்.பி.சி. வானொலியின் இசைக்குழுவை நடத்தினார். 1940 மார்ச் மாதம் நியூயார்க்கில், அந்த இசைக்குழுவுடன் யாஷா ஹைஃபெட்ஸ் பீத்தோவன் கான்செர்டோவைப் பதிவு செய்தார்.

ஹைஃபெட்ஸ் வில்னியஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1917இல் ரஷ்யாவை விட்டு அமெரிக்கா போனவர். அவருடைய வாசிப்பில் ஒரு சுரமும் சிதறாது, ஓரிடத்திலும் தயக்கம் இராது. பதிவான கூடத்தின் ஒலி வறண்டது. எதிரொலி இல்லை. அதனால் இசைக்குழுவின் ஒவ்வோர் அடியும் சுத்தியல்போல் விழுகிறது. இதைக் குளிர்ந்த வாசிப்பு என்று குறை சொல்பவர்கள் உண்டு. அழாமல் நிமிர்ந்து நிற்கும் வாசிப்பு என்று போற்றுபவர்களும் உண்டு. மறு ஆண்டு, 1941இல், ஜெர்மானியப் படை வில்னியஸுக்குள் நுழைந்தது. ஹைஃபெட்ஸ் பிறந்து வளர்ந்த யூத சமூகம் அழிக்கப்பட்டது.

இதே கான்செர்டோ 1944 ஜனவரியில் பெர்லினிலும் ஒலித்தது. ஃபுர்ட்வெங்லர் இசைக்குழுவை நடத்த, அதன் தலைமை வயலின் கலைஞர் எரிக் ரோன் தனிக் கலைஞராக வாசித்தார். வெளிநாட்டுக் கலைஞர்கள் வர இயலாத நேரம். நகரின் மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. பழைய பில்ஹார்மோனிக் அரங்கில் நடந்த கடைசி நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. அந்த மாதம் 30ஆம் நாள் அரங்கமே குண்டுவீச்சில் அழிந்தது. வானொலிக்காகச் செய்யப்பட்ட நாடாப் பதிவு மட்டும் தப்பியது. அக்காலப் பதிவு நாடாக்கள் பலவற்றைப் போருக்குப் பின் சோவியத் படையினர் மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றனர். 1987இல் அவற்றில் பல பெர்லினுக்கு வந்து சேர்ந்தன.

இந்தப் பதிவைக் கேட்பவர்கள் ஒரு சங்கடத்தைத் தவிர்க்க முடியாது. இது மிக அழகான வாசிப்பு. இரண்டாம் பகுதி பிரார்த்தனைபோல் நகர்கிறது. ஆனால் அதே நாட்களில் அதே அரசு இலட்சக்கணக்கான மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1942இல் ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் விழாவில் இதே ஃபுர்ட்வெங்லர் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தியதும் மறுக்க முடியாத உண்மை. அழகான இசை வாசிப்பவரின் நன்னடத்தைக்குச் சான்றிதழ் ஆகாது. அதேபோல், வாசித்தவர் இருந்த இடம் தவறானது என்பதற்காக இசை அழகற்றதாகிவிடுவதும் இல்லை. இரண்டையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டுதான் இப்பதிவைக் கேட்க வேண்டியிருக்கிறது.

1947: மெனுஹின் நீட்டிய கை

போர் முடிந்தது. ஃபுர்ட்வெங்லர் விசாரணைக்கு உள்ளானார். 1946 இறுதியில் நடந்த விசாரணையில் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1947 மே மாதம் பெர்லினில் மீண்டும் மேடையேறினார்.

அந்த ஆண்டுதான் யெஹுடி மெனுஹின் அவருடன் வாசிக்க முன்வந்தார். மெனுஹின் நியூயார்க்கில் பிறந்த யூதர். 11 வயதில், 1927இல், கார்னகி அரங்கில் இதே பீத்தோவன் கான்செர்டோவை வாசித்து உலகை வியக்க வைத்தவர். போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் நடத்தியவர். 1945 ஜூலையில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குச் சென்று, அங்கே உயிர் தப்பியவர்கள் முன்னிலையில், இசையமைப்பாளர் பிரிட்டன் பியானோ வாசிக்கத் தாமும் வாசித்தவர். ஆகவே நடந்தது என்ன என்று தெரியாமல் அவர் ஃபுர்ட்வெங்லரின் கையைப் பிடிக்கவில்லை.

1947 ஆகஸ்ட் இறுதியில் சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நகரில் இருவரும் பீத்தோவன் கான்செர்டோவைப் பதிவு செய்தனர். அடுத்த மாதம் இடிபாடுகளுக்கு நடுவே பெர்லினிலும் வாசித்தனர். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பெர்லினில் முகாமில் தங்கியிருந்த யூத அகதிகளுக்காக மெனுஹின் வாசிக்க ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சியை அவர்கள் புறக்கணித்தனர். மெனுஹின் முகாமுக்கே சென்று, அவர்கள் முன் நின்று, தாம் ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கினார். குடும்பத்தை இழந்தவர்கள் முன்னால் நின்று அதைச் சொல்வது எளிதான காரியமன்று. அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 ஜூனில், ஹூபர்மன் அதே சுவிட்சர்லாந்தில் காலமாகியிருந்தார். 1933இல் அவர் மறுத்த கையை 1947இல் மெனுஹின் ஏற்றார்.

யார் செய்தது சரி? ஹூபர்மன் மறுத்தபோது கொடுமை தொடங்கிக்கொண்டிருந்தது. ஏற்றிருந்தால் அவருடைய புகழ் அக்கொடுமைக்குத் திரையாகியிருக்கும். மெனுஹின் ஏற்றபோது அந்த ஆட்சி ஒழிந்துவிட்டது. பகையை நீட்டிப்பதா, முடிப்பதா என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. இருவரின் செயலையும் அவரவர் காலத்தோடு வைத்துப் பார்ப்பதே முறை. ஆனால் மெனுஹினின் முடிவை எல்லாரும் ஏற்கவில்லை. 1949 வாக்கில் சிகாகோ இசைக்குழு ஃபுர்ட்வெங்லரை அழைத்தபோது, ஹொரோவிட்ஸ், ரூபின்ஸ்டைன் உள்ளிட்ட கலைஞர்கள் எதிர்த்ததால் அந்த அழைப்பு கைவிடப்பட்டது.

1953இல் மெனுஹினும் ஃபுர்ட்வெங்லரும் இலண்டனில் இக்கான்செர்டோவை மறுபடியும் பதிவு செய்தனர். மறு ஆண்டு ஃபுர்ட்வெங்லர் இறந்தார். 1947இன் பதிவில் மெனுஹினின் வயலின் உணர்ச்சி மேலிட்டுக் கேட்கிறது. 1953இன் பதிவில் அமைதி கூடியிருக்கிறது. வில் ஓரிரு இடங்களில் தடுமாறுவதும் தெரிகிறது. இதே மெனுஹின் 1952இல் பிரதமர் நேருவின் அழைப்பில் இந்தியா வந்ததும், பின்னர் 1965இல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமனின் வாசிப்பில் மனம் பறிகொடுத்துத் தம்முடைய இத்தாலிய வயலினை அவருக்குப் பரிசளித்ததும் தமிழ் இசை அன்பர்கள் அறிந்ததே.

வேகம் எது?

இந்தக் கான்செர்டோவின் முதல் பகுதிக்குப் பீத்தோவன் எழுதிய குறிப்பு 'விரைவாக, ஆனால் மிகையாக வேண்டாம்' என்ற பொருள் தருவது. எவ்வளவு விரைவு என்று எண்ணிக்கையில் சொல்லவில்லை. தாளத்தை அளந்து காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு 1815இல்தான் காப்புரிமை பெறப்பட்டது. பீத்தோவன் தம் சிம்பொனிகளுக்குப் பின்னாளில் வேக அளவுகளைக் கொடுத்தார். இக்கான்செர்டோவுக்குக் கொடுக்கவில்லை.

விளைவு என்ன? 1955இல் ஹைஃபெட்ஸ் பாஸ்டன் இசைக்குழுவுடன் செய்த பதிவில் முதல் பகுதி ஏறத்தாழ 21 நிமிடத்தில் முடிகிறது. முழுக் கான்செர்டோவும் ஏறத்தாழ 38 நிமிடம். மெனுஹினும் ஃபுர்ட்வெங்லரும் 1953இல் முதல் பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 24 நிமிடம் எடுத்துக்கொள்கின்றனர். முழுமைக்கும் ஏறத்தாழ 45 நிமிடம். தாளிலுள்ள சுரங்கள் இரண்டிலும் ஒன்றுதான். ஏழு நிமிட வித்தியாசம் வாசிப்பவர்களுடைய மனத்திலிருந்து வருகிறது.

1958இல் ரஷ்யக் கலைஞர் டேவிட் ஓய்ஸ்ட்ராக் பாரிசில் பிரெஞ்சு வானொலி இசைக்குழுவுடன் செய்த பதிவு, நிதானமான வாசிப்புக்கு மற்றோர் எடுத்துக்காட்டு. அகன்ற, கனிந்த ஒலி. அவசரமே கிடையாது. 1979இல் 16 வயது அன்னா சோஃபி மூட்டர் பெர்லினில் கராயனுடன் செய்த பதிவு மிக மிக நிதானமானவற்றுள் ஒன்று. பதின்ம வயதுப் பெண்ணிடம் வேகத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருந்தது. வேகம் வயதைப் பொறுத்ததன்று என்பதற்கு இதுவே சான்று.

தனியாக நிற்கும் நேரம்

முதல் பகுதியின் முடிவில் இசைக்குழு நின்றுவிடும். வயலின் மட்டும் தனித்து வாசிக்கும். இதுதான் முன்பு குறிப்பிட்ட கடென்சா. நம் கச்சேரியில் கலைஞரின் மனோதர்மத்துக்கு விடப்படும் இடம்போல, அக்காலத்தில் இதுவும் கலைஞரின் கற்பனைக்கே விடப்பட்டது. பீத்தோவன் வயலினுக்குக் கடென்சா எழுதவில்லை. யோவாக்கிம் எழுதினார், கிரைஸ்லர் எழுதினார், இன்னும் பலர் எழுதினர். இன்று மிகுதியாக ஒலிப்பது கிரைஸ்லருடையது. பகுதியின் இரண்டு முக்கிய இசைக் கருத்துகளை அவர் ஒரே வயலினில் பின்னி ஒன்றாக ஒலிக்கச் செய்யும் இடம் கேட்கத் தக்கது.

ஆனால் பீத்தோவன் இதே கான்செர்டோவைப் பியானோவுக்கும் மாற்றி எழுதியிருந்தார். அதற்குக் கடென்சாக்களையும் எழுதினார். முதல் பகுதிக் கடென்சாவில் பியானோவோடு டிம்பனி முரசையும் சேர்த்து ஒலிக்க வைத்தார். ஆஸ்திரியக் கலைஞர் ஷ்னைடர்ஹான் 1962இல் யோஹும் நடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் செய்த பதிவில் அந்தக் கடென்சாவை வயலினுக்கு மாற்றி வாசித்தார். அமைதியான வாசிப்பின் நடுவில் திடீரென வயலினும் முரசும் மட்டும் உரையாடுகின்றன.

லாட்வியாவில் பிறந்த கிடோன் கிரேமர் 1980 வாக்கில் செய்த பதிவு பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சோவியத் இசையமைப்பாளர் ஷ்னிட்கே எழுதிய கடென்சாவை அவர் வாசித்தார். அதில் பிராம்ஸ், பார்டோக், பெர்க், ஷோஸ்டகோவிச் ஆகியோரின் வயலின் கான்செர்டோக்களின் துணுக்குகள் வந்து போகும். பீத்தோவன் காலத்தில் பிறக்காதவர்களின் இசை பீத்தோவன் படைப்புக்குள் எப்படி வரலாம் என்று பலர் கேட்டனர். இந்தக் கான்செர்டோவின் வழிவந்தவை அவை, பேரப்பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கு வருவதுபோல என்று எடுத்துக்கொண்டவர்களும் இருந்தனர்.

பட்ரிசியா கோபாட்சின்ஸ்காயா என்ற மால்டோவா நாட்டுக் கலைஞரின் பதிவு 2009இல் வெளிவந்தது. உடன் வாசித்தது பழங்காலக் கருவிகளைக் கொண்ட இசைக்குழு. கிளெமென்ட் காலத்து ஒலியையும் துடிப்பையும் தேடிப் போகும் முயற்சி அது. நூறாண்டுப் பதிவுகளால் படிந்த கனத்தை இறக்கி வைத்துவிட்டு, நேற்று எழுதியதுபோல் அவர் வாசித்தார்.

ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

இத்தனை பதிவுகளையும் முழுமையாகக் கேட்க எல்லாருக்கும் நேரம் இராது. மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்டாலே போதும்.

முதலாவது, தொடக்கம். டிம்பனி முரசு மெதுவாக நான்கு முறை தட்டும். ஐந்தாவது தட்டில் ஓபோ, கிளாரினெட், பாசூன் குழல்கள் சேரும். 1806இல் முரசைத் தனியே தட்ட வைத்து ஒரு கான்செர்டோவைத் தொடங்குவது எவரும் எதிர்பாராதது. அந்தத் தட்டு ஒருவரிடம் இதயத் துடிப்பாகவும், இன்னொருவரிடம் படை நடையாகவும், வேறொருவரிடம் கதவைத் தட்டும் ஓசையாகவும் கேட்கும். சற்றுப் பின்னர் வயலின்கள் அதே தாளத்தை எதிர்பாராத ஓர் அன்னிய சுரத்தில் திருப்பிச் சொல்லும். அங்கே நடத்துநர் அதை அழுத்திக் காட்டுகிறாரா, மெல்லக் கடந்துவிடுகிறாரா என்று கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, தனி வயலின் நுழையும் இடம். ஏறத்தாழ மூன்று நிமிடம் இசைக்குழு வாசித்த பிறகே தனிக் கலைஞர் வாய் திறக்கிறார். ஹைஃபெட்ஸ் நிமிர்ந்து நடந்து வருகிறார். கிரைஸ்லர் நண்பர் வீட்டுக்குள் நுழைவதுபோல் வருகிறார். மெனுஹின் தயங்கி, அனுமதி கேட்டு வருவதுபோல் தோன்றுகிறது.

மூன்றாவது, இரண்டாம் பகுதி. இங்கே வித்தை காட்ட எதுவுமில்லை. இசைக்குழு அடங்கிய குரலில் வாசிக்க, வயலின் அதற்கு மேலே மெல்லிய கோலம் போடும். வாசிப்பவர் யார் என்பது மறைக்க முடியாமல் வெளிப்படும் இடம் இதுவே.

இப்படிக் கேட்கும்போது எது சிறந்த பதிவு என்ற கேள்வி மெல்லப் பின்னுக்குப் போய்விடும். 1934 வியன்னாவில் ஹூபர்மனுக்கு இருந்த அவசரம் 1958 பாரிசில் ஓய்ஸ்ட்ராக்குக்கு இல்லை. 1944 பெர்லினில் ரோன் வாசித்ததை 2009இல் ஒருவர் வாசிக்க முடியாது. வாசிக்கவும் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் காலத்துக்குள் நின்று அதே தாளைப் படித்திருக்கிறார்கள்.

இந்தப் பதிவுகள் பல இன்று குறுந்தட்டாகவும் இணையம் வழியாகவும் எளிதில் கிடைக்கின்றன. நேயர்கள் 1940இன் ஹைஃபெட்ஸையும் 1947இன் மெனுஹினையும் அடுத்தடுத்து, முதல் ஐந்து நிமிடம் மட்டுமாவது கேட்டுப் பார்க்கலாம். தாளில் எழுதிய இசையை யார் வாசித்தால் என்ன என்ற கேள்விக்கு அந்தப் பத்து நிமிடத்திலேயே விடை கிடைத்துவிடும்.